பிள்ளை வாசிக்கவில்லையா? அலமாரி வாசிக்க விடவில்லையா?



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமாயினும் சரி, தமிழ் இயக்கங்கள் நடத்தும் கருத்தரங்காயினும் சரி, ஒரு வரி தவறாமல் ஒலிக்கிறது: “இக்காலத் தமிழ்ப் பிள்ளைகள் நூல் வாசிப்பதே இல்லை.” சொல்பவர் பெருமூச்சு விடுகிறார். கேட்பவர் தலையசைக்கிறார். பிறகு கைப்பேசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் தேநீர் அருந்தச் சென்றுவிடுகின்றனர்.

இக்கூற்றை நான் மறுக்கிறேன். ஒரு பிள்ளையை ‘வாசிக்காத பிள்ளை’ என்று முத்திரை குத்துவதற்குமுன் அப்பிள்ளையின் முன்னால் எந்த நூல் வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டாமா? பசிக்கிறவனுக்குத் தினமும் பத்தியக் கஞ்சியையே ஊற்றிவிட்டு, ‘இவனுக்குச் சாப்பிடவே தெரியவில்லை’ என்று சொல்வது என்ன நியாயம்?

கோலா சுங்கை பாரு வட்டாரத்திலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வளரும் பிள்ளைகளோடு அன்றாடம் பழகும் ஆசிரியர் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அலமாரியில் என்ன இருக்கிறது?

நான் கண்ட தமிழ்ப்பள்ளி வளமையங்கள் பலவற்றின் அலமாரிகளை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை, பயிற்சி நூல்கள். மாதிரி வினா, மாதிரிக் கட்டுரை, மாதிரி விடை. இவற்றுக்கு அட்டை உண்டு, பக்க எண் உண்டு. ஆயினும் இவற்றை நூல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் வகை, நீதிக்கதைகள். முயலும் ஆமையும், காகமும் நரியும், பேராசை கொண்ட நாய். பதிப்பகம் மாறும், அட்டைப்படம் மாறும், கதை மாறாது. முதலாம் ஆண்டில் வாசித்த அதே நரியை ஆறாம் ஆண்டிலும் பிள்ளை சந்திக்கிறான்.

மூன்றாம் வகை, யாரோ அன்பளிப்பாக வழங்கிய கனத்த நூல்கள். இவை கண்ணாடிக் கதவுக்குள் பூட்டப்பட்டிருக்கும். சாவி எவரிடம் உள்ளது என்பது எவருக்கும் தெரியாது.

வானத்தைப் பற்றி ஒரு நூல்? கடலைப் பற்றி? எறும்பைப் பற்றி? இரயில் எப்படி ஓடுகிறது, பாலம் ஏன் விழாமல் நிற்கிறது, எலும்பு முறிந்தால் எப்படிக் கூடுகிறது? தமிழில், பத்து வயதுப் பிள்ளை தானே எடுத்து வாசிக்கும்படி? தேடிப் பாருங்கள்.

1988 முதல் நம் தொடக்கப் பள்ளிகளை ஆட்டிப் படைத்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. “தேர்வு இருக்கிறதே, கதைப் புத்தகத்துக்கு நேரமேது?” என்ற சாக்கும் அதனோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. தேர்வு போயிற்று, தேர்வுக்கான அலமாரி அப்படியே நிற்கிறது.

நீலாம் வாசிப்புத் திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? எத்தனை நூல் என்றுதான் கணக்கிடப்படுகிறது. எத்தனை வகை நூல் என்று எவரும் கேட்பதில்லை. எட்டுப் பக்க நீதிக்கதைகள் பத்தை அரைநாளில் முடித்த பிள்ளைக்குக் கணக்கில் பத்து. ஒரே தடித்த நூலை இரண்டு வாரம் மூழ்கி வாசித்த பிள்ளைக்குக் கணக்கில் ஒன்று. இந்தக் கணக்கு எந்தப் பிள்ளையை உருவாக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கடற்கரையில் எழும் வினாக்கள்

நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்பவர்கள் ஒரு நாள் அவர்களோடு நடந்து பார்க்கட்டும்.

கோலா சுங்கை பாருவிலிருந்து கடற்கரை வழியே சற்றுத் தொலைவு சென்றால் பெங்காலான் பாலாக். அங்கே பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் மிகுதியாக முட்டையிட வருவது மலாக்காவின் கரைக்குத்தான். அங்குச் சென்று வந்த ஒரு மாணவன் கேட்டான்: “தாய் ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறதே, குஞ்சுக்கு யார் நீந்தக் கற்றுக்கொடுப்பது?” எவ்வளவு அருமையான வினா! அதற்குப் பின்னால் இன்னும் எத்தனை செய்திகள் காத்திருக்கின்றன! மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. அழுங்காமையின் அழகிய ஓடே அதற்குக் கூற்றுவன் ஆயிற்று. சீப்பும் அணிகலனும் செய்வதற்காக அதனைக் கொன்று குவித்தார்கள். அம்மாணவனின் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு நூல் அலமாரியில் இல்லை. மலாயில் இருந்தது. அவன் அதனை வாங்கிக்கொண்டு போனான். அவன் செய்ததில் பிழையில்லை. ஆனால் அன்று அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டான்: ‘உண்மையான வினாவுக்குத் தமிழில் விடை தேடாதே.’

வடக்கே சென்றால் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் சூழ்ந்திருக்க, மலாக்காவுக்குச் சொந்தமான சிறு நிலமுனை அது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆயிரக்கணக்கான தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து அங்கே வந்து சேர்கின்றன. ஏன் அந்த இடம்? நிலம் சூடேறும்போது மேலெழும் காற்றில் மிதந்துதான் பருந்து நெடுந்தொலைவு பறக்கிறது. கடலின்மேல் அத்தகைய காற்று கிட்டாது. ஆகவே நீரிணை மிகக் குறுகிய இடத்தைத் தேர்ந்து, நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த நீர்ப்பரப்பைத் தாண்டுகிறது. ஒரு பறவைக்கு இந்தப் புவியியல் எப்படித் தெரிந்தது? கேட்காத பிள்ளை உண்டா?

தோட்டத்துக்குள் வாருங்கள். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். அவை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்குக் கன்றுகள் வந்தன. 1896இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். நம் பாட்டன் பூட்டன் விடியுமுன் உளியும் வாளியுமாகப் பால்மரம் வெட்டப் போன கதையின் தொடக்கம் அது. ஏன் விடியுமுன்? வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி, பால் நன்கு வடியும். பாட்டிக்கு இது பட்டறிவு. பேரனுக்கு இது அறிவியல். இரண்டையும் இணைக்கும் நூல் எங்கே?

செம்பனைக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டது. அந்த வண்டு அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. நம் அம்மாக்களின் வேலையை ஒரு வண்டு வாங்கிக்கொண்ட இக்கதையில் உயிரியல் இருக்கிறது, பொருளியல் இருக்கிறது, நம் வாழ்வும் இருக்கிறது. இதனை எந்த நீதிக்கதையோடு ஒப்பிடுவீர்கள்?

வரலாற்றுக்கும் குறைவில்லை. கோலா லிங்கியில் 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கிறது. மலாக்கா நகரில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. அதனைப் போற்றி வரும் மலாக்கா செட்டிச் சமூகம் இருக்கிறது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் பெண்டஹாரா பதவியில் அமர்த்தப்பட்ட நைனா சட்டு ஒரு தமிழ் வணிகர். அதே 1511இல் மலாக்காவில் மகெல்லனின் அடிமையாகி, பத்தாண்டு கழித்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் என்றிக்கே. கொலம்பசை அறிந்த நம் பிள்ளை இவ்விருவரையும் அறிவானா?

நம் முன்னோர் இவ்வளவு வறியராய் இருந்ததில்லை

கூலிக்கு வந்தவர்கள்தாம். ஆயினும் தோட்டத்துப் படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து உலகச் செய்தி கேட்டார்கள். 1950ஆம் ஆண்டுவாக்கில் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தியது. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தின்வழி தோட்டப்புறத்து இளையோரை எழுத வைத்தது. இந்நாட்டின் தமிழ் எழுத்தாளர் தலைமுறையொன்று அங்கிருந்துதான் எழுந்தது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் நூலக இயலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தார். உலகமே அவற்றைப் பாடமாக ஏற்றது. வருகிறவர் எவராயினும் அவருக்குப் பொருத்தமான நூல் அங்கே காத்திருக்க வேண்டும் என்பது அந்நெறிகளின் உயிர்நாடி. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். மாட்டு வண்டியில் முடிந்தது, இணையமும் நெடுஞ்சாலையும் உள்ள காலத்தில் முடியாதா?

எழும் மறுப்புகளும் என் விடைகளும்

மறுப்பு 1: “தமிழில் அத்தகைய நூல்கள் இல்லையே!”

தேடாதவர் சொல்லும் சொல் இது. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளிவந்தது. ஒரு மொழி தன் குழந்தைகளுக்குச் செய்த பெருங்கொடை அது. செய்திகள் சில பழையன ஆகிவிட்டன. ஆயினும் எத்தனை தமிழாசிரியர்கள் அதனைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் சிறுவருக்கான ‘துளிர்’ அறிவியல் இதழைத் தொடங்கியது. மா. கிருஷ்ணனும் சு. தியடோர் பாஸ்கரனும் பறவையையும் காட்டையும் பற்றித் தெளிந்த தமிழில் எழுதினார்கள். ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றி வந்து பயண நூல் படைத்தார். வாண்டுமாமா மாயக் கதையும் எழுதினார், அறிவியலும் எழுதினார்; இரண்டையும் ஒரே பிள்ளை விரும்பி வாசிக்கும் என்பதை அறிந்தவர் அவர். பிரதம் புக்ஸ் அமைப்பு 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளும் அறிவியல் சிறுநூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் தந்திருக்கிறார்கள்.

உண்மைதான், மலாய் ஆங்கில அலமாரிகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். மலாக்கா ஆமையைப் பற்றித் தமிழில் நூல் வேண்டுமானால் மலாக்காக்காரர்தாம் எழுத வேண்டும். ஆனால் இருப்பதையே வாங்காதவர்களுக்காக எந்தப் பதிப்பாளர் புதியதை அச்சிடுவார்?

மறுப்பு 2: “அறிவுச் செய்திகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசித்துக்கொள்ளட்டுமே!”

வாசிக்கட்டும், நன்றாக வாசிக்கட்டும். மும்மொழியும் நம் பிள்ளையின் சொத்து. ஆனால் ஒன்றை நினைவூட்டுகிறேன். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை வந்தபோது, அவற்றைத் தமிழில்தான் கற்பிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தோம். 2009இல் அக்கொள்கை மீட்டுக்கொள்ளப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் இருமொழித் திட்டம் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்தபோதும் கொதித்தெழுந்தோம். அப்போராட்டங்களில் நானும் உடன்படுகிறேன். ஆனால் அறிவியலைத் தமிழில் கற்பிக்கப் போராடிய சமூகம், பாடநூலுக்கு வெளியே ஓர் அறிவியல் நூலைத் தன் பள்ளி அலமாரியில் வைக்கவில்லை என்றால், அந்தப் போராட்டத்துக்குப் பொருள் என்ன? அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். வெளிநாட்டவர் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை நமக்கு இல்லையா? வழிபாட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் மட்டும் தமிழ், வினாவுக்கும் விடைக்கும் வேற்றுமொழி என்றால், வளர்ந்தபின் அப்பிள்ளை எதனை வைத்துக்கொள்வான், எதனை விடுவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மறுப்பு 3: “நீதிக்கதை வேண்டாம் என்கிறீர்களா?”

இல்லை. நீதிக்கதை மட்டும் வேண்டாம் என்கிறேன். நீதியைக் கடைசி வரியில் எழுதித் தரும் கதை பிள்ளைக்கு முடிவைத் தருகிறது. எண்ணிப் பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. நல்ல புனைவு அப்படிச் செய்வதில்லை. வகுப்பில் அடங்காத சிறுமியை ஒரு தலைமையாசிரியர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று சொல்லும் ‘டோட்டோ-சான்’ ஒரு தன்வரலாறு. ஆயினும் கதைபோலவே இனிக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ மலைநாட்டுச் சிற்றூரில் பள்ளி தோன்றிய கதை. தோட்டப்பள்ளியின் வரலாறு அறிந்த நமக்கு அது அயல்நாட்டுக் கதையாகவே படாது. நம் நாட்டில் கே. பாலமுருகன் சிறுவர்க்காக மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். ‘அடுத்து என்ன?’ என்று பக்கத்தைப் புரட்ட வைக்கும் கதையைப் பிள்ளைகள் எப்படிப் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்பதை ஒருமுறை வாங்கி வைத்துப் பாருங்கள். மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அந்த இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட நம்மவர் கதையைப் பாட நூலின் இரண்டு வரிகளால் உணர்த்திவிட முடியுமா?

புனைவு ஒரு கண், உண்மை நூல் ஒரு கண். ஒன்றை மூடிக்கொண்டு பார்ப்பவனுக்குத் தொலைவு தெரியாது.

மறுப்பு 4: “பணம் ஏது?”

பயிற்சி நூலுக்குப் பணம் இருக்கிறது. நிகழ்ச்சிப் பதாகைக்கும் பொன்னாடைக்கும் மாலைக்கும் பணம் இருக்கிறது. பதாகை மறுநாள் குப்பைக்குப் போகிறது. நூல் இருபது ஆண்டு இருக்கும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடைக்கு மாற்றாக ஒரு நூலை அளித்து, அதனையே அவர் கையால் பள்ளி அலமாரிக்கு வழங்கச் செய்யுங்கள். எந்த விருந்தினரும் குறையாக நினைக்க மாட்டார்.

நூறு நூல் கொண்ட ஓர் அலமாரி

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது முறையன்று. சிறிய தோட்டப்பள்ளிக்கும் இயலக்கூடிய ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். நூறு தமிழ் நூல்கள் போதும். பங்கீடு இப்படி இருக்கட்டும்:

1. கதைகளும் சிறுவர் நாவல்களும் – 35. இவற்றுள் நீதிக்கதை பத்துக்கு மேற்படலாகாது.
2. விலங்கு, செடி, வானம், உடல், இயந்திரம் பற்றியவை – 25.
3. வரலாறும் ஊரும் நாடும் – 15. ஐந்தேனும் மலேசியாவைப் பற்றி இருக்க வேண்டும்.
4. வாழ்க்கை வரலாறு – 10. தலைவர்கள் மட்டும் போதா. அறிவியலார், விளையாட்டாளர், ஓவியர், பெண்கள் இடம்பெற வேண்டும்.
5. செய்து பார்க்கும் நூல்கள் – 10. சமையல், காகித மடிப்பு, புதிர், எளிய சோதனை.
6. பிள்ளைகளே எழுதிய நூல்கள் – 5.

ஆறாவதைப் படித்துவிட்டுச் சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். பாட்டியிடம் பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மீனவரிடம் வலையின் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். படம் வரையச் சொல்லுங்கள். நகலெடுத்துத் தைத்து, முதுகில் பெயர் ஒட்டி, மற்ற நூல்களோடு நிறுத்துங்கள். தமிழில் இல்லாத நூல் என்று எதனைச் சொன்னோமோ அது அன்று பிறந்துவிடும்.

இன்னும் மூன்று வேண்டுகோள். அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். நூல் கிழிந்தால் அது வாசிக்கப்பட்டதன் சான்று. நூலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பாதியில் பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைக்கவும் உரிமை இருக்கட்டும். வாசித்து முடித்த நூலுக்கு அறிக்கை கேட்பதைக் குறைத்து, “இதில் உனக்கு வியப்பு அளித்தது எது?” என்ற ஒரு வினாவைக் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! நாளைக் காலை உங்கள் பள்ளி அலமாரியின் முன் ஒரு தாளோடு நில்லுங்கள். தமிழ் நூல்களை மேற்சொன்ன வகைப்படி எண்ணி எழுதுங்கள். இரண்டாம் வரிசைக்கு நேரே எந்த எண் வருகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசியுங்கள். அதன் பிறகும் எவரேனும் ‘பிள்ளைகள் வாசிப்பதில்லை’ என்று சொல்ல முன்வந்தால், அவரிடம் நூல்பட்டியலையும் நன்கொடைப் பற்றுச்சீட்டையும் நீட்டுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க வாசிப்பு!